கரண்ட் போய் வந்தாலும் டேப்கள் திரும்பி வர: கணினி பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் வாடை தொடங்கிவிட்டால் கரண்ட்டை நம்பி நீண்ட வேலை எதிலும் கை வைக்க முடியாது. ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் போதும், உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை எந்தத் தெருவும் இருளலாம். மழையை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொன்னார்கள். அதற்கு முழு இலங்கைக்கும் கரண்ட் போனது.

கரண்ட் வந்து கணினியைத் திறந்ததும் சிலருக்கு எல்லாம் விட்ட இடத்தில் வந்து நிற்கும். சிலருக்கு வெறும் குரோம், வெறும் வேர்ட். இது அதிர்ஷ்டம் இல்லை. மென்பொருளில் ஏற்கெனவே போட்டு வைத்த செட்டிங்கும், திறந்த முதல் நிமிடத்தில் நாம் அழுத்துகிற பொத்தானும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. உப்புவெளியில் விருந்தினர் விடுதி வரவேற்பில் புக்கிங் பக்கங்களைத் திறந்து வைத்து இருப்பவருக்கும், கொமியூனிகேஷன் கடை ஒன்றில் டைப் செட்டிங் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கும், ஏ/எல் முடித்துவிட்டு முதல் லப்டொப் வாங்கியவருக்கும் இது ஒரே அளவில் பயன்படும். விண்டோஸ் கணினியை வைத்தே சொல்கிறேன். இங்கே பெரும்பாலானோர் கையில் இருப்பது அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

செட்டிங்குக்குப் போகுமுன் இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பிறகு குழப்பம் வராது.

நீங்கள் திறந்து வைத்திருக்கும் விண்டோக்கள், டேப்கள், அவை இருக்கும் ஒழுங்கு எல்லாம் சேர்ந்ததைத்தான் செஷன் என்கிறார்கள். பிரவுசர் (குரோம், பயர்பொக்ஸ், எட்ஜ் போல இணையப் பக்கங்களைத் திறக்கும் மென்பொருள்) இதை ஒரு சிறிய ஃபைலில் அடிக்கடி எழுதிக்கொண்டே இருக்கும். பயர்பொக்ஸ் வழமையாக 15 செக்கனுக்கு ஒருமுறை எழுதும். அதுவும் பழையதை அழித்துவிட்டு எழுதாது. முந்தைய பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புதியதை எழுதும். எழுதுகிற அந்தக் கணத்திலேயே கரண்ட் போய்ப் புதிய ஃபைல் பழுதானாலும் பழையது மிஞ்சும்.

இன்னொரு சின்னக் குறிப்பும் உண்டு. பிரவுசர் திறந்ததும் ‘ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று தன் ஃபைல் ஒன்றில் அடையாளம் போட்டு வைக்கும். நீங்கள் ஒழுங்காக மூடினால் அதை மாற்றி ‘ஒழுங்காக மூடியாயிற்று’ என்று எழுதும். கரண்ட் போனால் அதை மாற்ற நேரமே கிடைக்காது. அடுத்த முறை திறக்கும்போது பழைய அடையாளம் அப்படியே கிடப்பதைப் பார்த்து, போனமுறை ஏதோ பிசகியிருக்கிறது என்று புரிந்துகொள்ளும். ‘ரீஸ்டோர் பேஜஸ்’ என்று குரோம் கேட்பது இதை வைத்துத்தான்.

முக்கியமான விஷயம், அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்பது. டேப்பின் முகவரி, தலைப்பு, பின்னால் போகக்கூடிய பக்கங்கள், எவ்வளவு தூரம் கீழே உருட்டியிருந்தீர்கள் என்பது போன்ற விபரங்கள். பக்கம் முழுவதும் அதில் இல்லை. கடைக்குக் கொடுத்து அனுப்புகிற சாமான் துண்டு மாதிரி: துண்டு பத்திரமாக இருந்தாலும் கடை பூட்டியிருந்தால் சாமான் வராது. கரண்ட் வந்த உடனே கணினியைத் திறப்பவர்கள் பயப்படுவது இதனால்தான். ரவுட்டர் இன்னும் எழும்பியிருக்காது, டேப்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றிலும் ‘இன்டர்நெட் இல்லை’ என்று நிற்கும். எல்லாம் போய்விட்டது என்று நினைத்து அவற்றை மூடிவிடாதீர்கள். முகவரி உள்ளே இருக்கிறது. ரவுட்டர் விளக்கு ஒழுங்காக எரியும்வரை பொறுத்து, பிறகு ஒவ்வொரு டேப்பிலும் எஃப்5 அழுத்தினால் வந்துவிடும்.

முதலில் பிரவுசர்

குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, செட்டிங்ஸ் போங்கள். இடப்பக்கத்தில் ‘ஒன் ஸ்டார்ட்அப்’ என்று இருக்கும். அதற்குள் மூன்று தெரிவுகள். நடுவில் உள்ள ‘கொன்டினியூ வேர் யூ லெஃப்ட் ஒஃப்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். சேமிக்கத் தனிப் பொத்தான் இல்லை. தெரிவு செய்தால் ஆயிற்று.

பயர்பொக்ஸில் மூன்று கோடு, செட்டிங்ஸ், ஜெனரல். மேலேயே ‘ஸ்டார்ட்அப்’ என்ற தலைப்பின் கீழ் ‘ஓப்பன் ப்ரீவியஸ் விண்டோஸ் அன்ட் டேப்ஸ்’ என்ற பெட்டியில் சரி போடுங்கள். சரி போட்டும் வேலை செய்யவில்லை என்றால் ‘ப்ரைவசி’ பகுதியைப் பாருங்கள். மூடும்போது ஹிஸ்டரியை அழிக்கச் சொல்லி வைத்திருந்தாலோ, எப்போதும் ப்ரைவேட் முறையில் இயங்கச் சொல்லி வைத்திருந்தாலோ பழைய டேப்கள் வராது. கணினியை வேகமாக்குகிறோம் என்று யாராவது போட்டுக் கொடுத்த கிளீனர் மென்பொருளும் இதே வேலையைச் செய்யும். அதில் ‘செஷன்’ என்ற பெட்டியில் சரி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

எட்ஜ் பாவிப்பவர்களுக்கு: செட்டிங்ஸில் ‘ஸ்டார்ட், ஹோம்’ என்று தொடங்கும் பகுதிக்குள் ‘ஓப்பன் டேப்ஸ் ஃப்ரொம் த ப்ரீவியஸ் செஷன்’.

இனிச் சோதனை. இதை விட்டுவிட்டால் உண்மையாகக் கரண்ட் போகிற நாளில்தான் செட்டிங் பிடித்ததா இல்லையா என்று தெரியவரும்.

1. முக்கியமில்லாத நான்கைந்து பக்கங்களைத் திறவுங்கள். செய்தித்தளம், காலநிலை, எதுவானாலும் சரி.
2. அரை நிமிடம் ஒன்றும் செய்யாமல் விடுங்கள். அது எழுதி முடிக்கட்டும்.
3. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் குரோமைத் தெரிவு செய்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். பிரவுசருக்கு மூடுவதற்கு அவகாசம் கொடுக்காமல் நிறுத்துவது இது. கரண்ட் போனதற்குக் கிட்டத்தட்டச் சமம்.
4. மீண்டும் திறவுங்கள். டேப்கள் தாமாக வரலாம், அல்லது மூலையில் ஒரு சிறிய பெட்டி வந்து ‘ரீஸ்டோர்’ என்று கேட்கலாம்.

அந்தச் சிறிய பெட்டியில்தான் அதிகமானோர் பிழை விடுகிறார்கள். விளம்பரம் என்று நினைத்துப் பெருக்கல் குறியை அழுத்திவிடுவார்கள். அழுத்திவிட்டாலும் பரவாயில்லை: கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (T எழுத்து) சேர்த்து அழுத்திப் பாருங்கள், அல்லது மூன்று புள்ளிக்குள் ஹிஸ்டரி போனால் அண்மையில் மூடியவற்றின் பட்டியலில் இத்தனை டேப்கள் என்று ஒரு வரி இருக்கும், அதை அழுத்துங்கள். பயர்பொக்ஸில் ஹிஸ்டரிக்குள் ‘ரீஸ்டோர் ப்ரீவியஸ் செஷன்’ என்றே எழுதியிருக்கும். ஆனால் இதையெல்லாம் திறந்தவுடன் செய்ய வேண்டும். புதிதாக உலாவத் தொடங்கி, திரும்ப மூடி, திரும்பத் திறந்தால் பழைய செஷனின் இடத்தில் புதியது வந்து உட்கார்ந்துவிடும்.

கரண்ட் போகாமலே டேப்கள் தொலையும் ஒரு வழியும் உண்டு. இது வரவேற்பில் வேலை செய்பவர்களுக்கு அடிக்கடி நடக்கும். புக்கிங் பக்கங்கள் ஒரு பெரிய விண்டோவில் இருக்கும். இடையில் ஏதோ ஒரு தளம் தனியாக ஒரு சின்ன விண்டோவைத் திறந்திருக்கும். மாலையில் பெரியதை முதலில் மூடி, பிறகு சின்னதை மூடிவிட்டுப் போவார்கள். மறுநாள் திறந்தால் சின்ன விண்டோ மட்டும் வந்து நிற்கும், ஏனென்றால் பிரவுசரைப் பொறுத்தவரை கடைசியாக மூடியதுதான் செஷன். ஒவ்வொன்றாக மூடாமல், மெனுவின் அடியில் உள்ள ‘எக்ஸிட்’ கொடுத்து எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடப் பழகுங்கள். மறந்து மூடிவிட்டால் மேலே சொன்ன கன்ட்ரோல், ஷிஃப்ட், டி முழு விண்டோவையும் திருப்பிக் கொண்டுவரும்.

டேட்டா கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். போனின் ஹொட்ஸ்பொட்டில் இருந்துகொண்டு நாற்பது டேப்களை மீட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். பயர்பொக்ஸ் கண்முன்னே உள்ள டேப்பை மட்டும் உடனே ஏற்றும். மற்றவை பெயரளவில் நிற்கும், தொட்டால்தான் வரும். ‘பின் டேப்’ கொடுத்து நிலையாகக் குத்தி வைத்த டேப்கள் மட்டும் விதிவிலக்கு. குரோம் பின்னணியில் ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கும். கையில் டேட்டா குறைவு என்றால் என் தெரிவு பயர்பொக்ஸ்தான்.

திரும்பி வராதவை

ப்ரைவேட் விண்டோவில் (குரோமில் இதை இன்கொக்னிட்டோ என்பார்கள்) இருந்த எதுவும் வராது. அது எழுதி வைக்கப்படுவதே இல்லை. பாதி நிரப்பிய படிவம் சிலவேளை வரும், பலவேளை வராது. பாஸ்வேர்ட் பெட்டி வெறுமையாகத்தான் இருக்கும். பாதி ஏற்றிய ஃபைலை மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். வங்கித்தளங்கள் நேரம் கடந்ததென்று வெளியே தள்ளிவிடும், அது நல்லதுதான்.

பல்கலைக்கழக அனுமதி, அரச வேலை என்று நீண்ட இணைய விண்ணப்பம் நிரப்புபவர்கள் செஷன் மீட்பை நம்பவே கூடாது. பதில்களை முதலில் நோட்பேடிலோ வேர்டிலோ எழுதி வைத்துவிட்டு, அங்கிருந்து எடுத்து ஒட்டுங்கள். தளத்திலேயே ‘சேவ் டிராஃப்ட்’ இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதை அழுத்துங்கள்.

இரண்டு மூன்று நாளாகத் தேடி எடுத்த பக்கங்கள் திறந்திருக்கின்றன, அவற்றை இழக்க முடியாது என்றால் குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (D எழுத்து, மேலே சொன்ன T அல்ல) சேர்த்து அழுத்தி எல்லா டேப்களையும் புக்மார்க் செய்யுங்கள். பயர்பொக்ஸில் டேப் ஒன்றின் தலையில் வலது கிளிக் செய்து முதலில் ‘செலக்ட் ஓல் டேப்ஸ்’ கொடுத்து, மறுபடி வலது கிளிக் செய்து புக்மார்க் தெரிவைக் கொடுக்க வேண்டும். ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் போய்விடும். செஷன் ஃபைல் தானாக மாறிக்கொண்டே இருப்பது. புக்மார்க் நீங்கள் அழிக்கும்வரை இருப்பது.

வேர்ட், நோட்பேட்

பிரவுசரில் போவது முகவரி, தேடினால் திரும்பக் கிடைக்கும். வேர்டில் போவது உங்கள் எழுத்து. அதனால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

வேர்ட் வழமையாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எழுதும். கோவில் திருவிழா நோட்டீஸ் ஒன்றைப் பாமினி எழுத்துருவில் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள், ஒன்பதாவது நிமிடத்தில் கரண்ட் போகிறது என்றால் அந்த ஒன்பது நிமிடமும் போயிற்று. இதைக் குறைக்க ஃபைல், ஒப்ஷன்ஸ், சேவ் என்று போங்கள். ‘சேவ் ஓட்டோரிகவர் இன்ஃபர்மேஷன் எவ்ரி’ என்பதற்குப் பக்கத்தில் உள்ள 10-ஐ 2 அல்லது 3 ஆக்குங்கள். மிகப் பழைய கணினியில் பெரிய ஃபைல் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தயக்கம் தெரியும், அப்படியானால் 5 போதும். அதற்குக் கீழே, சேமிக்காமல் மூடினால் கடைசிப் பிரதியை வைத்திருக்கச் சொல்லும் பெட்டியிலும் சரி இருக்கட்டும்.

கரண்ட் வந்து வேர்டைத் திறந்ததும் இடப்பக்கத்தில் ‘டொக்கியுமென்ட் ரிகவரி’ என்று ஒரு பட்டியல் வரும். ஒரே ஃபைலுக்கு இரண்டு பதிப்பு இருக்கலாம்: நீங்கள் கடைசியாகச் சேமித்தது ஒன்று, வேர்ட் தானாக எழுதியது ஒன்று. பக்கத்தில் நேரம் போட்டிருக்கும். பிந்திய நேரம் உள்ளதைத் திறந்து, கடைசிப் பந்தியைப் பார்த்து, சரியென்றால் ‘சேவ் அஸ்’ கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். பழைய பெயரின் மேலேயே எழுதுவதைவிட இது பாதுகாப்பு. பட்டியலை மூடுவது எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு.

பெயரே கொடுக்காத புதிய ஃபைல் என்றால்? ஃபைல், இன்ஃபோ, மனேஜ் டொக்கியுமென்ட், அதற்குள் ‘ரிகவர் அன்சேவ்ட் டொக்கியுமென்ட்ஸ்’. இருந்தால் அங்கே இருக்கும். அங்கே உள்ளவை சில நாள்தான் தங்கும், பிறகு தானாக அழியும். கிடைத்தவுடன் சேமித்துவிடுங்கள். வேர்டுக்குப் பதிலாகச் சிலர் பாவிக்கும் லிப்ரே ஒஃபிஸிலும் இதேபோல மீட்புப் பட்டியல் வரும். நேர இடைவெளியை டூல்ஸ், ஒப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்ற வழியில் மாற்றலாம்.

இவ்வளவும் இருந்தாலும் கன்ட்ரோல் எஸ்-க்கு ஈடில்லை. புதிய ஃபைல் திறந்ததும் முதல் வரி அடிக்குமுன்னரே பெயர் கொடுத்துச் சேமிக்கச் சொல்லி, வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே பழக்கிவிட வேண்டும். யூபிஎஸ் (கரண்ட் போனதும் கணினியைச் சிறிது நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) இருக்கும் கடைகளில் இன்னொன்றையும் பார்க்கலாம்: அது கத்தத் தொடங்கியபின்னும் ‘இந்தப் பந்தியை முடித்துவிடுகிறேன்’ என்று அடித்துக்கொண்டே இருப்பார்கள். சின்ன யூபிஎஸ் கொடுப்பது சேமித்து மூடுவதற்கான நேரம் மட்டும்.

நோட்பேட் கதை வேறு. விண்டோஸ் 11-இல் 2023 தொடக்கம் நோட்பேட் சேமிக்காத எழுத்தையும் வைத்திருந்து திறக்கும்போது கொண்டுவருகிறது. அதன் செட்டிங்ஸில் ‘வென் நோட்பேட் ஸ்டார்ட்ஸ்’ என்பதில் முந்தைய செஷனைத் திறக்கும் தெரிவு இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 10-இல் உள்ள பழைய நோட்பேடில் இது கிடையாது, கரண்ட் போனால் எழுத்தும் போகும். அவர்களுக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற இலவச மென்பொருள் நல்லது. அது வழமையாக 7 செக்கனுக்கு ஒருமுறை தானாகப் பிரதி எடுக்கிறது. கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிற பிள்ளைகள் நிரல் எழுதப் பாவிக்கும் விஎஸ் கோட் மென்பொருளும் சேமிக்காத ஃபைல்களை அப்படியே திருப்பித் தரும்.

விண்டோஸ் செய்வது

செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஒப்ஷன்ஸ் என்று போனால் ‘ரீஸ்டார்ட் அப்ஸ்’ பற்றி ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால், நீங்கள் ரீஸ்டார்ட் செய்து திரும்ப வரும்போது திறந்திருந்த சில மென்பொருள்களை விண்டோஸ் தானாகத் திறக்கும். எல்லாவற்றையும் அல்ல, இதற்கு ஒத்துழைக்கும்படி எழுதப்பட்டவற்றை மட்டும். அப்டேட்டுக்காக இரவில் ரீஸ்டார்ட் ஆகும்போது உதவும். திடீர் மின்வெட்டுக்கு இதை நம்பாதீர்கள், மூடும் நேரத்தில்தான் அது பட்டியல் எடுக்கிறது.

லப்டொப்காரர்கள் ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டின் வித்தியாசத்தைத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்லீப்பில் எல்லாம் நினைவகத்திலேயே இருக்கும், அதற்குக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். ஹைபர்னேட் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும். பேட்டரி இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. நீண்ட மின்வெட்டு, பேட்டரி குறைகிறது, வேலையும் பாதியில் என்றால் ஹைபர்னேட்தான் வழி. மெனுவில் அது தெரியாவிட்டால் கன்ட்ரோல் பனல், பவர் ஒப்ஷன்ஸ், ‘சூஸ் வட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்பதற்குள் அதற்கான பெட்டி இருக்கும்.

திரும்பத் திரும்ப விழுந்தால்

சிலவேளை பிரச்சினையே பழைய செஷன்தான். ஒரு பாரமான பக்கம் பிரவுசரை விழுத்தும், திரும்பத் திறந்தால் அதே பக்கம் வரும், திரும்பவும் விழும். பயர்பொக்ஸ் இதைக் கண்டுகொண்டு, தானாகத் திறக்காமல் டேப்களின் பட்டியலைக் காட்டும். சந்தேகமான டேப்பின் சரியை எடுத்துவிட்டு மற்றவற்றை மீட்கலாம். குரோமில் என்றால் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுத் திறவுங்கள். பக்கம் ஏறாது, நிதானமாக அந்த டேப்பை மூடலாம். 

மேலே சொன்ன எதுவும் பலிக்காமல், பயர்பொக்ஸில் டேப்கள் நிஜமாகவே தொலைந்துவிட்டால் கடைசி வழி ஒன்று. மெனுவில் ஹெல்ப், ‘மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ போய், ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கும் பொத்தானை அழுத்துங்கள். உள்ளே ‘செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பயர்பொக்ஸை மூடிவிட்டு, முதலில் அந்த ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டொப்பில் கொப்பி செய்யுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருப்பது மாறும். பிறகு ‘ப்ரீவியஸ்’ என்று தொடங்கும் ஃபைலின் ஒரு கொப்பியை ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் போட்டு, முன்பகுதியை மட்டும் ‘செஷன்ஸ்டோர்’ என்று மாற்றுங்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ளதைத் தொடக்கூடாது. அங்கே அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். அப்புறம் திறந்து பாருங்கள்.

பொதுக் கணினியில் இதெல்லாம் தலைகீழ்

கொமியூனிகேஷனிலோ, அலுவலகத்தில் பலர் மாறி மாறி இருக்கும் கணினியிலோ செஷன் மீட்பைப் போடவே கூடாது. வெறும் டேப் மட்டும் திரும்பி வருவதில்லை. பிரவுசரை மூடினால் பல தளங்களில் லொகின் தானாகப் போய்விடும் என்று நினைக்கிறோம். செஷன் மீட்பு போட்ட கணினியில் அந்த லொகினும் சேர்ந்து காப்பாற்றப்படும். ஒருவர் தன் மெயிலைத் திறந்து ஆவணத்தைப் பிரின்ட் எடுத்துவிட்டு, பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போவார். அடுத்து வருபவர் குரோமைத் திறந்தால் முன்னவரின் மெயில் அப்படியே விரியும்.

கடை நடத்துபவர்கள் ‘ஒன் ஸ்டார்ட்அப்’ இல் ‘நியூ டேப் பேஜ்’ தெரிவை வைத்துவிட்டு, வாடிக்கையாளருக்கு கெஸ்ட் விண்டோவை, அதாவது மூடியதும் எதையும் வைத்திருக்காத விருந்தினர் விண்டோவை, திறந்து கொடுங்கள். குரோமில் மேலே உள்ள ஆள் படத்தை அழுத்தினால் அந்தத் தெரிவு இருக்கும். போகிறவர்கள் மூடுமுன் ஒவ்வொரு தளத்திலும் சைன் அவுட் கொடுங்கள். பிறகு பிரவுசரை மூடி, ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் பக்கம் எதுவும் வரவில்லை என்றால் எழும்பலாம்.